அவமானத்திலிருந்து தலைமைக்கு: கிள்ளான் பள்ளத்தாக்கில் தமிழ் இளையோர் இயக்கங்களும் உளநலமும்

தமிழ்ச் சான்றோர்க்கும், இந்த அவையின் பின்வரிசைகளில் அமர்ந்திருக்கும் இளையோர்க்கும் வணக்கம். பின்வரிசையினரைத் தனியே குறிப்பிடக் காரணம் உண்டு. இன்றைய உரை அவர்களைப் பற்றியது. அவர்கள் வயதில் இம்மண்ணில் வாழ்ந்த தமிழ் இளைஞர் தம் உள்ளக் காயங்களை எவ்வாறு ஆற்றிக்கொண்டனர், அந்த ஆற்றலிலிருந்து எவ்வாறு தலைவர்களாயினர் என்பதே நாம் எடுத்துக்கொண்ட பொருள்.

உளநலம் என்னும் சொல் நம் பேச்சில் புழங்கத் தொடங்கி நெடுங்காலம் ஆகவில்லை. அச்சொல் சுட்டும் துயரமோ நம் முன்னோர் கப்பலைவிட்டு இறங்கிய நாள் முதல் நம்முடன் இருந்து வருகின்றது. அதற்குரிய மருந்துகளையும் அவர்கள் தேடினர். அவற்றைச் சங்கம் என்றனர், படை என்றனர், மன்றம் என்றனர், யாத்திரை என்றனர். மருத்துவப் பெயர் எதுவும் அவற்றுக்கு இல்லாமையால் நம் வரலாற்றுநூல்கள் அவற்றை அரசியல் கணக்கிலோ சமயக் கணக்கிலோ எழுதிவிட்டன. அக்கணக்கை இன்று சற்றே மாற்றி எழுதிப் பார்க்க விழைகின்றோம்.

1. தொலைவிலிருந்து ஒரு கண்ணாடி

நம் முகத்தை நாம் காண ஒரு கண்ணாடி வேண்டும். அதை வட அமெரிக்கப் பெருவெளியில் வாழும் லக்கோட்டா மக்களிடமிருந்து பெறுகின்றோம்.

1890 டிசம்பர் 29ஆம் நாள், இன்றைய தென் டக்கோட்டா மாநிலத்தின் ஊண்டட் நீ என்னுமிடத்தில், தலைவர் சி டாங்காவின் பின்வந்த லக்கோட்டா ஆண்களும் பெண்களும் குழந்தைகளும் அமெரிக்கப் படையினரால் கொன்று குவிக்கப்பட்டனர். அதற்கு முன்பே, 1883இல், அவர்களுடைய சூரிய நடனம் என்னும் பெருவழிபாடு அரசு விதிகளால் தடைசெய்யப்பட்டிருந்தது. 1879இல் தொடங்கிய கார்லைல் பள்ளியும் அதன் வழிவந்த விடுதிப் பள்ளிகளும் பழங்குடிக் குழந்தைகளின் முடியை வெட்டின, பெயரை மாற்றின, தாய்மொழி பேசியவர்களைத் தண்டித்தன. இவ்வாறு வளர்ந்த தலைமுறைகளின் பிள்ளைகளிடையே குடியும் தற்கொலையும் பெருகியபோது, குறை அப்பிள்ளைகளிடமே உள்ளது என்று வெளியார் எண்ணினர்.

அந்த எண்ணத்தை மறுத்தவர் லக்கோட்டா இனத்தைச் சேர்ந்த சமூகப்பணி அறிஞர் மரியா எல்லோ ஹார்ஸ் பிரேவ் ஹார்ட். ஒரு மக்கள் கூட்டம் அழ வேண்டிய காலத்தில் அழவிடப்படாமையால், அத்துயரம் அடுத்தடுத்த தலைமுறைகளுக்குக் கைமாறுகின்றது என்றார். அதனை வரலாற்றுக் காயம் என அவர் வகுத்துரைத்தார். அதே காலத்தில் அம்மக்கள் தாமே ஒரு வழியைக் கண்டனர். 1986 முதல் ஒவ்வொரு டிசம்பரிலும், கடுங்குளிரில், சி டாங்கா சென்ற பாதையிலேயே குதிரை ஏறிச் சென்றனர். படுகொலையின் நூற்றாண்டான 1990இல் கண்ணீர் துடைக்கும் சடங்கோடு அப்பயணம் நிறைவுற்றது. பின்னர் அது வருங்காலத் தலைமுறையினரின் பயணமாகப் பெயர் மாறி, இளையோரைத் தலைமைக்குப் பழக்கும் பயிற்சியாக இன்றும் தொடர்கின்றது. பதின்ம வயதினர் குதிரையைப் பேணுகின்றனர். பெரியோர் சொல்லும் கதையைக் கேட்கின்றனர். மாலையில் வட்டமாக அமர்ந்து பேசுகின்றனர். தியோஷ்பாயே எனப்படும் விரிந்த உறவுக் குடும்பமே அங்கு மருத்துவமனையாக அமைகின்றது.

கனடாவிலிருந்து ஒரு சான்றையும் சேர்த்துக்கொள்வோம். மைக்கேல் சாண்ட்லர், கிறிஸ்டோபர் லலோண்ட் ஆகிய இரு உளவியலாளர் பிரிட்டிஷ் கொலம்பியாவின் பழங்குடிச் சமூகங்களை ஆராய்ந்து 1998இல் ஒரு முடிவை வெளியிட்டனர். தம் கல்வி, நலவாழ்வு, பண்பாட்டு இடங்கள் முதலியவற்றைத் தாமே ஆளும் சமூகங்களில் இளையோர் தற்கொலை மிகக் குறைவு அல்லது அறவே இல்லை. அவை கைநழுவிய சமூகங்களில் மிக மிகுதி. 2007இல் வந்த அவர்களுடைய மற்றோர் ஆய்வு, தாய்மொழியைப் பேசத் தெரிந்தோர் பெரும்பான்மையாக வாழும் சமூகங்களுக்கும் இதே நன்மை இருப்பதைக் காட்டியது. மொழிக்கெனக் கூடியுள்ள நம் அவை இம்முடிவை ஆழ்ந்து எண்ணிப் பார்த்தல் தகும்.

நம் வரலாறும் லக்கோட்டா வரலாறும் ஒன்றாகா. அவர்கள் தம் மண்ணிலேயே அயலாராக்கப்பட்டவர்கள். நாம் அயல்மண்ணுக்குக் கூலியாகக் கொணரப்பட்டவர்கள். எனினும், சிறுமைப்படுத்தப்பட்ட ஒரு மக்களின் பிள்ளைகள் எங்ஙனம் தலைநிமிர்வர் என்னும் வினா இரு சாராருக்கும் பொதுவானது.

2. செங்கற்சூளை ஊரும் பால்மரக் காடும்

கிள்ளான் பள்ளத்தாக்கின் தமிழர் ஒரே வகையினராக வந்தவர் அல்லர். கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ், பெயருக்கேற்பச் செங்கற்சூளைகளின் இடமாகத் தோன்றி, பின் இரயில்வேப் பணியாளர் குடியிருப்பாக வளர்ந்தது. இலங்கையிலிருந்து வந்த தமிழர் பலர் அங்கு எழுத்தராகவும் நிலைய அதிபராகவும் பணியாற்றினர். 1902இல் ஸ்காட் சாலையில் கந்தசுவாமி கோவிலும், 1904இல் விவேகானந்த ஆசிரமமும் அவர்தம் முயற்சியால் உருப்பெற்றன. பின்னர் அவர்களுடைய இளைஞர் உடற்பயிற்சிக்கும் விளையாட்டுக்கும் எனத் தமிழர் உடற்கலைச் சங்கம் ஒன்றையும் தோற்றுவித்தனர். கோவில், படிப்பகம், திடல் ஆகிய மூன்றும் நடந்து செல்லும் தொலைவில் அமைந்த ஊரில் ஓர் இளைஞன் தனித்துவிடப்படுவது அரிது.

கிள்ளான், கோலலங்காட் பகுதிகளின் ரப்பர்த் தோட்டங்களிலோ நிலைமை வேறு. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருப்பின் தோட்டத்தில் பள்ளி வேண்டும் என்று 1912ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத் திருத்தம் விதித்தது. பல இடங்களில் அப்பள்ளி ஒரு கொட்டகை. ஆசிரியர் ஒரு கிராணி அல்லது கங்காணி. பள்ளியைவிட ஒழுங்காக நடந்தது கள்ளுக்கடை. லயத்து வீட்டின் ஓர் அறையில் பிறந்த பிள்ளை, விடியுமுன் தாயுடன் பால்மரத்துக்குச் சென்றது. துரை வரும்போது வழிவிட்டு ஒதுங்கி நிற்கப் பழகியது. கூலி குறைவு என்பது கணக்கில் எழுதக்கூடிய துன்பம். ஒதுங்கி நிற்கப் பழகிய முதுகின் துன்பத்துக்குக் கணக்கு ஏது?

3. மிதிவண்டியும் மானமும்: 1941

அக்கணக்கை முதன்முதல் எழுத்தில் வைத்தவர்கள் கிள்ளான் தோட்டத் தொழிலாளர்களே. 1941ஆம் ஆண்டின் தொடக்க மாதங்களில் கிள்ளான் பகுதித் தோட்டங்களில் தொடர் வேலைநிறுத்தம் எழுந்தது. 'தமிழ் நேசன்' நாளிதழின் துணையாசிரியர் ஆர்.எச். நாதனும் அவருடைய தோழர்களும் கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்தின் வழியே அதற்கு உருக்கொடுத்தனர்.

அவர்கள் முன்வைத்த கோரிக்கைகளை உளநல நோக்கில் படித்துப் பாருங்கள். ஒரே வேலைக்குச் சீனத் தொழிலாளர் பெறும் கூலிக்கு இணையான கூலி முதலில் நிற்கின்றது. அதனை அடுத்து வருபவை கூலிக்கு அப்பாற்பட்டவை: பெண்கள்மீதான அத்துமீறல் ஒழிய வேண்டும், பிள்ளைகளுக்குத் தக்க கல்வி வேண்டும், கள்ளுக்கடைகளை மூட வேண்டும், உறவினரும் நண்பரும் தோட்டத்துக்குள் தடையின்றி வந்துபோக வேண்டும், பேசவும் கூடவும் உரிமை வேண்டும், துரைமாரையும் கிராணிமாரையும் கண்டால் மிதிவண்டியிலிருந்து இறங்கி நிற்க வேண்டும் என்னும் வழக்கம் ஒழிய வேண்டும்.

கடைசியாகக் கூறிய கோரிக்கையில் நாம் சற்று நிற்போம். மிதிவண்டி அன்று ஓர் இளந்தொழிலாளி தன் சேமிப்பில் வாங்கிய முதல் உடைமை. அதன்மேல் அமர்ந்தே செல்லும் உரிமைக்கு எந்த வணிக மதிப்பும் இல்லை. ஆயினும் அவ்வுரிமைக்காக உயிரைப் பணயம் வைத்தனர். நாள்தோறும் இறங்கி நிற்கும் ஒருவன் நாளடைவில் தன் உள்ளத்துக்குள்ளும் இறங்கி நின்றுவிடுவான் என்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர். குடி, கல்வி, உறவு, பேச்சு, தன்மானம் என அவர்கள் வகுத்த வரிசையை இன்றைய உளநலத் திட்டம் எதுவும் தன் பொருளடக்கமாகக் கொள்ளலாம்.

மே மாதத்தில் நாதன் கைது செய்யப்பட்டுப் பின் நாடு கடத்தப்பட்டார். சிலாங்கூரில் படை இறக்கப்பட்டது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் மாண்டனர், பலர் சிறைப்பட்டனர். இயக்கம் ஒடுங்கியது. கள்ளுக்கடை மறுப்பு மட்டும் ஒடுங்கவில்லை. போருக்குப்பின் கெடா மாநிலத்தில் ஏ.எம். சாமி திரட்டிய தொண்டர் படையின் இளைஞர்கள், சீருடையும் அணிவகுப்புமாகக் கள்ளுக்கடைகளின் முன் மறியல் செய்தனர். குடித்துச் சோர்ந்த தந்தையரின் மக்கள் தமக்குத் தாமே ஒழுங்கு விதித்துக்கொண்டு எழுந்த காட்சி அது.

4. அழப்படாத துயரம்

இடையில் வந்தது ஜப்பானியர் காலம். 1942, 1943ஆம் ஆண்டுகளில் தாய்லாந்தையும் பர்மாவையும் இணைக்க 415 கிலோமீட்டர் நீள இரயில்பாதை அமைக்கப்பட்டபோது, மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர் அழைத்தும் பிடித்தும் செல்லப்பட்டனர். காலராவிலும் பசியிலும் மாண்டவர் பெருந்தொகையினர். லயங்களில் கணவரின்றியும் தந்தையின்றியும் எஞ்சியோருக்குப் பிணமும் இல்லை, கருமாதிக்குரிய நாளும் தெரியவில்லை. ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்' ஆகிய நாவல்கள் பல்லாண்டு கழித்தே அத்துயரத்துக்குப் பக்கங்கள் அளித்தன. பிரேவ் ஹார்ட் கூறிய வரலாற்றுக் காயம் நம் வீடுகளுக்குள்ளும் உண்டு எனில், அதன் பெயர்களுள் சயாம் என்பதும் ஒன்று.

அதே ஆண்டுகளில் மற்றொரு நிகழ்ச்சியும் நடந்தது. 1943இல் சுபாஷ் சந்திர போஸ் மலாயா வந்து இந்தியத் தேசியப் படைக்கு ஆள் திரட்டினார். ஜான்சி ராணிப் படையில் தோட்டத்துப் பெண்களும் துப்பாக்கி ஏந்தினர். கோலாலம்பூரைச் சேர்ந்த பதின்ம வயதுப் பெண் ஜானகி தம் அணிகலன்களைக் கழற்றிக் கொடுத்துவிட்டு அப்படையில் சேர்ந்தார். பின்னாளில் ஜானகி ஆதி நாகப்பன் என நாடறிந்த தலைவரானார். சிறுவர்க்கெனப் பால சேனையும் இருந்தது. அப்போரின் அரசியலை எவ்வாறு மதிப்பிடினும் சரி, நிமிர்ந்து நடக்கக் கற்ற ஒரு தலைமுறை அங்கிருந்து தோட்டங்களுக்குத் திரும்பி வந்தது.

போர் விட்டுச்சென்ற ஆதரவற்ற குழந்தைகளைத் தாங்கியவர்களும் இருந்தனர். சுவாமி சத்தியானந்தா தோற்றுவித்த சுத்த சமாஜம், பூச்சோங் சாலையில் அக்குழந்தைகளுக்கு இல்லம் ஆயிற்று. அவருக்குப்பின் அன்னை மங்களம் பல்லாண்டுக் காலம் அப்பணியைத் தொடர்ந்து 2023இல் மறைந்தார். அங்கு வழிபாடு, உணவு, பள்ளி, தோட்டவேலை ஆகியவை ஒரே நாளின் பகுதிகளாக அமைந்தன.

5. மேடை என்னும் மருந்து: மணிமன்றக் காலம்

விடுதலைக்கு முந்தைய பத்தாண்டில் கோ. சாரங்கபாணியின் 'தமிழ் முரசு' இளையோர்க்கு ஒரு புதிய வாயிலைத் திறந்தது. 1952இல் அவர் முன்னின்று தொடங்கிய தமிழர் திருநாள், சாதி, சமய வேறுபாடின்றிப் பொங்கலைப் பொதுவிழாவாக்கியது. இதழில் மாணவர்க்கென அமைந்த மணிமன்றப் பகுதி, தோட்டத்துச் சிறுவனின் பெயரை முதன்முறையாக அச்சில் ஏற்றியது. 1956இல் மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய இயல் துறை தோன்றியபோது, தமிழ் அங்கு இடம்பெறவும் நூலகம் வளம்பெறவும் 'தமிழ் எங்கள் உயிர்' நிதிக்குத் தொழிலாளர் தம் கூலியிலிருந்து கொடுத்தனர். தம் மொழி பல்கலைக்கழகம் ஏறியதை அவர்கள் தம் பிள்ளையே ஏறியதாகக் கண்டனர்.

அந்த ஊற்றிலிருந்து பெருகியவையே தமிழ் இளைஞர் மணிமன்றங்கள். கிள்ளான் பள்ளத்தாக்கின் தோட்டங்களிலும் புறநகர்களிலும் அவை மாலைநேரப் பள்ளிகளாகச் செயற்பட்டன. திருக்குறள் வகுப்பு, பேச்சுப் போட்டி, பட்டிமன்றம், நாடகம், விளையாட்டு, சிறு நூலகம், பொங்கல் விழா என்பவை அவற்றின் அன்றாடம். இவற்றின் உட்பயனை எண்ணிப் பார்ப்போம். நாக்குழறும் சிறுவன் ஒருவன் மேடையேறுகின்றான், மறந்து நிற்கின்றான், மூத்தவர் ஒருவர் கீழிருந்து அடியெடுத்துக் கொடுக்கின்றார், அவன் பேசி முடிக்கின்றான், கைதட்டல் எழுகின்றது. இறங்கி வருபவன் ஏறிப்போன சிறுவன் அல்லன். அடுத்த ஆண்டு அவனே கீழே நின்று இன்னொருவனுக்கு அடியெடுத்துக் கொடுப்பான். பேச்சு, துணை, பொறுப்பு என்னும் இம்மூன்றும் லக்கோட்டா இளையோரின் குளிர்காலப் பயணத்தில் நாம் கண்டவையே.

குறைகளையும் மறைத்தல் ஆகாது. பல மன்றங்களில் பெண்கள் வரவேற்புக்கும் கோலத்துக்கும் உரியவராகவே இருந்தனர். அடுக்குமொழி கற்றவன் தலைவனானான். அடுக்கத் தெரியாதவன் நாற்காலி அடுக்கினான். வெற்றியைப் பேச மேடை இருந்தது. தோல்வியைச் சொல்லி அழ இடமில்லை. இக்குறைகளை இன்று நாம் கூறுவது, மீண்டும் கட்டும்போது அவற்றை விலக்குதற்காகவே.

6. தோட்டம் போயிற்று, கோவிலும் மன்றமும் உடன் போயின

1960இல் துன் வீ.தி. சம்பந்தன், துண்டாடப்பட்ட தோட்டங்களைத் தொழிலாளரே வாங்க வேண்டும் என்று தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். அது தடுத்தது ஒரு பகுதியை மட்டுமே. சுங்கை ரெங்கம் தோட்டம் ஷா ஆலம் நகராயிற்று. சீபீல்ட் தோட்டம் சுபாங் ஜெயாவின் வீடமைப்புப் பகுதிகளாயிற்று. 1990களில் பிராங் புசார் புத்ராஜெயாவாயிற்று. நகரம் வளர்ந்தது. பால்மரம் சீவியவர்களின் மக்களுக்குக் கிடைத்தவை புறம்போக்கு வீடுகளும் மலிவு விலை அடுக்குமாடிகளும்.

இழந்தது வீட்டை மட்டும் என்று கணக்கிட்டோர், உடன் இழந்தவற்றைக் காணவில்லை. லயத்தில் ஒரு பிள்ளைக்குப் பத்து அத்தைமார் இருந்தனர்; அடுக்குமாடியில் பூட்டிய கதவுகள் இருந்தன. திடல் இல்லை, கோவில் முற்றம் இல்லை, மணிமன்றத்தின் மாலை இல்லை. அந்த வெற்றிடத்துக்குள் குண்டர் கும்பல்கள் நுழைந்தன. அவையும் சீருடை தந்தன, அண்ணன் என்று அழைக்க ஒருவனைத் தந்தன, சடங்கு தந்தன, பொறுப்பும் தந்தன. இளையோருக்கு வேண்டியவற்றை நாம் தர மறந்தபோது வேறு சிலர் நஞ்சு கலந்து தந்தனர் என்பதே நேர்மையான விளக்கம். 2001 மார்ச்சில் பெட்டாலிங் ஜெயாவின் கம்போங் மேடானில் ஆறு உயிர்களைப் பலிகொண்ட கலவரம், நகர்ப்புற ஏழ்மையின் கொதிநிலையை நாட்டுக்கு உணர்த்தியது.

7. மீண்டும் ஏறும் படிகள்

வெற்றிடத்தை நிரப்ப முனைந்தோரும் உண்டு. 1979இல் தோன்றிய இ.டபிள்யூ.ஆர்.எப். அறவாரியம் கல்வியையும் இளையோர் பண்புப் பயிற்சியையும் ஏழைக் குடியிருப்புகளுக்குக் கொண்டுசென்றது. 1982இல் வரலாற்றாசிரியர் டாக்டர் எம். தம்பிராஜா தோற்றுவித்த ஸ்ரீ முருகன் நிலையம், கூடுதல் பாடவகுப்புகளை வழிபாட்டோடும் பெற்றோர் பங்கேற்போடும் இணைத்தது. அதன் கல்வி யாத்திரையில் மாணவரும் பெற்றோரும் பத்துமலைக்குச் செல்கின்றனர். தைப்பூசத்தில் காவடி ஏறும் அதே 272 படிகளில், வேறொரு நாளில், தேர்வு எழுதவிருக்கும் மகளும் அவளுடைய தாயும் ஒரே நேர்த்தியோடு ஏறுகின்றனர். படிப்பு அந்நேரத்தில் ஒருத்தியின் தனிப்பாரம் ஆகாமல் குடும்பத்தின் வேண்டுதல் ஆகின்றது. குதிரைப் பயணத்துக்கும் இப்படியேற்றத்துக்கும் உள்ள ஒப்புமையை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

2011இல் உருவான மைஸ்கில்ஸ் அறவாரியம், பள்ளியை இடையில் விட்ட இளையோரை உலு சிலாங்கூரின் கலும்பாங்கில் தங்கவைத்துக் கைத்தொழிலும் வாழ்வொழுங்கும் பயிற்றுகின்றது. இவற்றோடு, எவரும் நிறுவாமலேயே எழுந்த ஓர் இயக்கத்தையும் நாம் கணக்கில் கொள்ள வேண்டும். அதுவே உறுமி மேளக் குழு. அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் இரவு முழுதும் அடித்துப் பழகும் அவ்விளைஞரை இரைச்சல் என்றும் அடாவடி என்றும் நாம் ஒதுக்கி வந்துள்ளோம். நேரம் தவறாமை, மூத்தவருக்குப் பணிதல், இளையவருக்குக் கற்பித்தல், கருவியைத் தொழுதல் எல்லாம் அங்கு உண்டு. நல்ல மூத்தவர் ஒருவர் அமைந்த குழு மன்றமாகின்றது. தீயவர் அமைந்தால் கும்பலாகின்றது. அந்த மூத்தவரை அனுப்பும் கடமை யாருடையது?

8. மொழி செய்ய வேண்டியது

சுகாதார அமைச்சு 2022இல் பதின்ம வயது மாணவரிடையே நடத்திய தேசிய ஆய்வில், ஏறத்தாழ நால்வருள் ஒருவர் மனச்சோர்வின் அறிகுறிகளைக் கொண்டிருந்தனர். தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவு 2023இல் நீக்கப்பட்டது. உதவி கேட்பவன் இனிக் குற்றவாளி அல்லன். 1970 முதல் இயங்கும் பிரெண்டர்ஸ் போன்ற தொண்டமைப்புகள் தமிழிலும் செவிகொடுக்க முயல்கின்றன. கதவு திறந்திருக்கின்றது. நம் பிள்ளை உள்ளே சென்று என்ன சொல்லுவான்?

இங்குத்தான் மொழிமன்றத்தின் பணி தொடங்குகின்றது. உள்ளத்து நோயை நாம் பைத்தியம் என்ற ஒரே சொல்லால் மூடி வைத்துள்ளோம். இடைநிலைப்பள்ளி ஆலோசகர் மலாயில் வினவும்போது, வீட்டுத் துயரத்தை வீட்டு மொழியில் மட்டுமே அறிந்த மாணவன் ஒன்றுமில்லை என்று கூறி எழுந்துவிடுகின்றான். அந்த ஒன்றுமில்லைக்குள் இருப்பதைச் சொல்ல அவனுக்குச் சொற்கள் வேண்டும். ஏக்கம், சலிப்பு, மனமுறிவு, பதற்றம், நம்பிக்கையிழப்பு என வேறுபடுத்திச் சொல்லும் வளம் தமிழுக்கு உண்டு. அதை வகுப்பறைக்கும் ஆலோசனை அறைக்கும் கொண்டுசெல்லும் கையேடுதான் இல்லை.

ஆகவே நாம் மூன்று பணிகளை முன்வைக்கின்றோம். முதலாவது, மருத்துவரும் ஆசிரியரும் எழுத்தாளரும் கூடி அத்தகைய கையேட்டை ஆக்குதல். இரண்டாவது, சயாம் சென்று மீண்டோரின் மக்களிடமும், தோட்டம் இழந்த முதியோரிடமும் இளையோரே சென்று கேட்டுப் பதிவுசெய்தல். கேட்பவருக்கும் சொல்பவருக்கும் அது மருந்தாகும். மூன்றாவது, அடுக்குமாடிகளின் கீழ்த்தளங்களில் மன்றத்தை மீண்டும் கூட்டுதல். இம்முறை பெண்கள் தலைமையில் இருக்கட்டும். தோல்வியைப் பேசவும் ஒரு மாலை ஒதுக்கப்படட்டும். கடும் நோயுற்றோர்க்கு மருத்துவரே வேண்டும் என்பதையும் மன்றத்தார் அறிந்திருக்கட்டும். திருக்குறள் வகுப்பு மருந்துச்சீட்டு ஆகாது. ஆனால் மருந்துச்சீட்டைப் பெறப் பிள்ளையுடன் துணைக்குச் செல்லும் அண்ணனையும் அக்காளையும் அவ்வகுப்பு உருவாக்கும்.

1941இல் கிள்ளான் சாலையில் ஓர் இளைஞன் துரையைக் கண்டும் மிதிவண்டியிலிருந்து இறங்க மறுத்தான். அவன் பெயர் நம் ஏடுகளில் இல்லை. அவன் காக்க முனைந்த நிமிர்வு இந்த அவையின் பின்வரிசையில் அமர்ந்திருக்கும் அவனுடைய கொள்ளுப்பேரனுக்கும் பேர்த்திக்கும் உரியது. அவர்களை முன்வரிசைக்கு அழைத்து, உரையை இங்கு நிறைவு செய்கின்றோம்.